இயற்பியலில் முப்பத்தொன்று எடுத்தவளின் அம்மா

"மலரில் அம்மாவைப் பற்றி எழுது. உன் மார்க்கை எதற்கு எழுதுகிறாய்?" என்று தம்பி கேட்டான். கேட்டது நியாயம்தான். நினைவு மலர் என்றால் மறைந்தவரின் பெருமையைச் சொல்ல வேண்டும். எழுதுகிறவள் பெயிலான கதையைச் சொல்லக்கூடாது. ஆனால் எங்கள் அம்மாவின் பெருமையில் பாதி என்னுடைய பெயிலில்தான் இருக்கிறது. ஆகவே முதலாமாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மார்க்கை மறைத்து எழுதினால் அம்மாவுக்கே பிடிக்காது.

அம்மா பிறந்தது ஜலகண்டாபுரத்தில், தறி ஓடும் வீட்டில், மூன்று பெண்களில் நடுப்பெண்ணாக. பத்தாம் வகுப்பு வரை படித்தார். மேலே படிக்க ஆசை இருந்ததா என்று ஒருமுறை கேட்டேன். "ஆசையெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. எனக்குக் கணக்கு வராது" என்றார். தனக்குக் கிடைக்காத படிப்பு மகளுக்காவது கிடைக்கட்டும் என்று அவர் ஒருநாளும் வசனம் பேசியதில்லை.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தபோது அவருக்குக் கோழி என்றாலே பயமாம். அப்பா வைத்திருந்ததோ முட்டைக்கோழிப் பண்ணை. முட்டை எடுக்கக் கை நீட்டினால் கூண்டுக்கு வெளியே தலையை நீட்டிக் கொத்தும் என்று முதல் மாதம் முழுக்க முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் வேலை செய்தாராம். பெரியப்பா இதை எத்தனை கல்யாணத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் சொல்லாமல் விடுவது அடுத்த வருடக் கதை. அப்பா முட்டை வண்டியோடு பாலக்காட்டுக்குப் போய்விட்டால், கொட்டகை முழுவதையும் அம்மா ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டார். சித்திரை வெயிலில் மதியம் கரண்டு போய்விட்டால் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும். நனைத்த சாக்குகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். ஒரு கோடையில் அப்படியும் கால்வாசிக் கோழி போய்விட்டது. எல்லாவற்றையும் புதைத்துவிட்டு வந்து குளித்தவர், "புதுக் குஞ்சுக்குச் சொல்லி உடுங்க" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார்.

கோழி திடீரென்று செத்தால் அதை அறுத்து, எதனால் செத்தது என்று பார்ப்பது பண்ணைகளில் வழக்கம். அப்பாவுக்கு அது ஆகாது, அம்மாதான் செய்வார். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு ஈரலையும் குடலையும் பார்ப்பேன். எனக்கு டாக்டர் ஆசை வந்தது அங்கேதான். சொன்னேன். கத்தியைக் கழுவிக்கொண்டே, "ஆயிக்க சாமி, ஆரு வேண்டாங்கறா?" என்றார். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் நடந்த ஆலோசனை.

எட்டாவது வரை பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளியில் படித்தேன். அதன்பின் விடுதியுள்ள ஒரு தனியார் பள்ளி. உயிரியல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இயற்பியல் ஏறவே ஏறாது. சொந்தக்காரர்கள் ஒறம்பரையாக வந்தால் முதல் கேள்வி "பாப்பா எத்தினி மார்க்கு?" என்பதுதான். மற்ற வீடுகளில் ஒரு பத்து சேர்த்துச் சொல்வார்கள். எங்கள் அம்மாவோ, "உயிரியல் தொண்ணூத்தி ரெண்டுங்க, இயற்பியல் நாப்பதுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். நான் உள்ளே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

பதினொன்றாம் வகுப்பு அரையாண்டில் அந்த நாற்பதும் முப்பத்தொன்றானது. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. தாளாளர் என் விடைத்தாளை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"புள்ள தங்கமான புள்ளைங்க. ஆனா மெடிக்கல் பேட்ச்சுல இருந்தா எங்க சராசரி உழுந்துருதுங்க. வேற குரூப்புக்கு மாத்திக்கலாம். வேண்டாம்னா டீசி வாங்கிக்கங்க."

அம்மா அந்த விடைத்தாளை மடித்து மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "ஏனுங்க சார், எங்க பண்ணையில வளர்ற கோழிய வாரம் ஒருக்கா எடை போடுவோமுங்க. எடை கொறைஞ்சா தீவனத்தப் பாப்போம், தண்ணியப் பாப்போம், கொட்டாயில காத்து வருதான்னு பாப்போம். கொறையா நிக்கற கோழியத் தூக்கி வெளிய போட்டுப்போட்டு, மிச்சத்த எடை போட்டு, சராசரி ஏறிப்போச்சுன்னு சொல்ல மாட்டோமுங்க."

"அது கோழிங்கம்மா."

"ஆமாங்க. கோழிக்கே அப்படிப் பாக்கறோம். டீசி எழுதுங்க."

பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். அம்மா முகத்திலோ ஒரே சிரிப்பு. அவர் அத்தனை துணிச்சலாகப் பேசியதற்கு மடியில் ஒரு காரணம் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. "அழுவாத அம்மிணி. கவருமெண்டு ஸ்கூலுல படிச்சவிங்களுக்கு டாக்டர் சீட்டு ஏழரை சதவீதம் தனியா இருக்குதாமா. முட்டையெடுக்க வார வண்டிக்காரரு சொன்னாரு. இவிங்க தொரத்துனதும் நல்லதாப் போச்சு." அந்த வாரமே சொந்தத்தில் பதினொரு வீடுகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. கெட்டிக்காரி என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அரசுப் பள்ளியில் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து, இயற்பியல் ஆசிரியை என் பழைய சான்றிதழ்களைப் பார்த்தார். அம்மாவை வரச்சொன்னார். "அந்த ஒதுக்கீட்டுக்கு ஆறாவதுல இருந்தே அரசுப் பள்ளியில படிச்சிருக்கோணுங்கம்மா" என்றார்.

"பன்னண்டாவது இங்க முடிச்சாப் பத்தாதுங்களா?"

"பத்தாதுங்க."

அம்மா முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை. பாவம் என்று தோன்றியதா எனக்கு? இல்லை. வீட்டுக்கு வந்து கத்தினேன். "ஆருகிட்டயாச்சும் கேட்டியாம்மா? வண்டிக்காரரு சொன்னா டீசி வாங்கிருவியா? என்ற படிப்பையே கெடுத்துப்போட்டயே!" மூன்று நாள் அவர் முகம் பார்த்துப் பேசவில்லை. அந்த மூன்று நாளை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தப்புத்தான் சாமி. விசாரிக்காமப் பண்ணிப்போட்டேன். திட்டறதுன்னா இன்னும் ரெண்டு நாளு திட்டிக்க. அப்பறம் படிக்கோணும்."

அடுத்து அவர் செய்த காரியத்தை எங்கள் பக்கத்தில் வேறு யாரும் செய்திருப்பார்களா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை குளித்து, விசேஷத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, அப்பாவின் வண்டியில் ஏறி, பத்திரிகை வைக்கப் போவதுபோல் அந்தப் பதினொரு வீட்டுக்கும் போனார். என்னையும் நடுவில் உட்கார வைத்துக்கொண்டார். முதல் வீடு பெரியப்பா வீடு.

"நாஞ் சொன்னது தப்புங்க மாமா. ஏழரை சதவீதத்துல எங்க புள்ளைக்கு வராதுங்களாமா. அவ பொது லிஸ்டுலதான் வாங்கோணும். வாங்கிப்போடுவா."

பெரியப்பா திகைத்துப்போய், "இத ஊடு ஊடா வந்து சொல்லோணுமாம்மா?" என்று கேட்டார்.

"ஊடு ஊடா வந்துதானுங்களே பெருமையடிச்சேன்."

பதினொரு வீட்டிலும் அதே பேச்சு, முடிவில் அதே "வாங்கிப்போடுவா". எனக்கு ஓடி ஒளிய இடமில்லாமல் போய்விட்டது.

இயற்பியல் ஆசிரியை தினமும் பள்ளி முடிந்தபின் ஒருமணி நேரம் எனக்காக இருந்தார். பன்னிரண்டில் இயற்பியல் ஐம்பத்துநான்கு. நீட் தேர்விலோ தெரியாத கேள்விக்கெல்லாம் குத்துமதிப்பாக விடை போட்டு, வந்த மார்க்கையும் மைனஸில் தொலைத்தேன். சீட்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பெரியப்பா வந்து, நர்சிங்கில் சேர்த்துவிடலாம் என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். அம்மா, "இன்னும் ஒரே ஒரு வருசம் பாக்கறேனுங்க மாமா. அதுலயும் வரலீன்னா நானே கூட்டிட்டுப் போயி நர்சிங்குல சேத்தறேன். அதுவும் நல்ல படிப்புத்தானுங்க" என்றார்.

அந்த ஒரு வருடம் நான் வாத்தியார் வைத்துப் படித்ததைவிட, அம்மாவிடம் மாட்டிக்கொண்டதுதான் அதிகம். தினமும் மாதிரித் தேர்வு எழுதி முடித்ததும் என் விடைத்தாளையும் விடைக்குறிப்பையும் அவரிடம் கொடுத்துவிட வேண்டும். கேள்வி அவருக்குப் புரியாது. ஏ, பி, சி, டி புரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீவன மூட்டை மேல் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் திருத்துவார். பத்து நாள் கழித்து ஒருநாள், "லென்சுன்னு படம் போட்டு வார கேள்வியெல்லாம் தப்பாவே போடறியே, பாத்தியா? இன்னைக்கி அத முடிக்காம எந்திரிக்காத" என்றார். அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. அதன்பின் வாரத்துக்கு ஒன்றாக இப்படிக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். கணக்கு வராது என்று பள்ளியை விட்டவர்!

இரண்டாம் முறை மார்க் ஏறியது. ஆனாலும் விளிம்பில்தான் நின்றேன். கலந்தாய்வின் முதல் சுற்றில் இல்லை. இரண்டாம் சுற்றில் இல்லை. நர்சிங் விண்ணப்பத்தை அம்மாவே பூர்த்தி செய்து எடுத்து வைத்தார். சொன்ன சொல் சொல்லாயிற்றே. மூன்றாம் சுற்று முடிவு வந்த அன்று நண்பகல் நாங்கள் கொட்டகையில் இருந்தோம். செல்போனில் வந்ததை நான் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். தெற்கே ஓர் அரசு மருத்துவக் கல்லூரி, பஸ்ஸில் எட்டு மணி நேரம். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எட்டு மணி நேரமா? சோத்துக்கு என்ன பண்ணுவ?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதார். நானும் அழுதேன். ஊர் முக்கில் ஃபிளெக்ஸ் வைத்தது பெரியப்பா. அதில் என் படத்தைவிட அவர் படம் பெரிது. அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது, உடற்கூறியல் கூடத்தில் எங்களுக்குக் கொடுத்திருக்கும் உடலைப் பற்றிச் சொன்னேன். அம்மா சாப்பாடு போடுவதை நிறுத்திவிட்டார். "அவரு பேரு என்ன சாமி?"

"தெரியாதும்மா. சொல்ல மாட்டாங்க."

"எந்தூராமா?"

"அதுவும் தெரியாது."

"பேரு ஊரு தெரியாத மனுசன் என்ற புள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறாரா?" என்றார். ஒரு மாதம் கழித்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு சேலத்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய், உடல் தானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இந்த முறை வண்டிக்காரரை நம்பவில்லை. நேரில் விசாரித்து, படிவத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக் கையெழுத்துப் போட்டாராம்.

அதன்பின் நாட்கள் அதிகமில்லை. தை மாதத்தில் முதல் மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் பார்த்ததும், பரீட்சை என்னாயிற்று என்று கேட்டார். உயிர்வேதியியலில் பெயில் என்றேன். ஊசி போட வந்த செவிலியரிடம், "என்ற புள்ள எம்பிபிஎஸ் படிக்குதுங்க. முதல் பரீட்சையில ஒண்ணுல பெயிலுங்க. எந்திரிச்சுக்குவா" என்று அறிமுகம் செய்து வைத்தார். மாசியில் இரண்டாவது மாரடைப்பு. வீட்டிலேயே, அப்பா பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நான் எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். இந்தக் குறை எனக்குத் தீராது.

அன்று உதவியவர்களை மறக்க முடியாது. செய்தி கேட்டதும் வந்து நின்ற ஊரார், கோழிகளைப் பட்டினி போடாமல் பதினாறு நாளும் கொட்டகையைப் பார்த்துக்கொண்ட பக்கத்துப் பண்ணைக்காரர்கள், எங்களுக்குச் சமைத்துப் போட்ட ஜலகண்டாபுரத்துச் சித்தி, இன்றும் வாரம் தவறாமல் போன் செய்யும் இயற்பியல் ஆசிரியை, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. எங்களை அனுப்பி வைத்த தாளாளருக்கும் நன்றி. உண்மையாகவே சொல்கிறேன்.

ஒரு மனத்தாங்கல் பலருக்கு இருப்பது எங்களுக்குத் தெரியும். வாய்க்கரிசி போட்டு முடித்து, சுடுகாட்டுக்குப் போக வேண்டிய வண்டி சேலத்துக்குத் திரும்பியபோது பெரியப்பா மறித்து நின்றார். "பொம்பளைக்கு ஒரு நெருப்பு வெக்காம எப்படிடா அனுப்புவ?" என்று அப்பாவிடம் கேட்டார். "அவ எழுதிக் குடுத்துப்போட்டாளுங்கண்ணா" என்று மட்டும் அப்பா சொன்னார். பெரியப்பா அழுதுகொண்டே வழிவிட்டார், பிறகு தானும் வண்டியில் ஏறிக்கொண்டார். அன்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனவர்களிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம், ஆனால் வருத்தப்படவில்லை.

சேலத்துக் கல்லூரியில் ஒரு பதிவேட்டில் அப்பா கையெழுத்துப் போட்டார். கதவைத் திறந்து அம்மாவை உள்ளே கொண்டு போனார்கள். எங்கள் வீட்டிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குள் போன இரண்டாவது ஆள் அவர். அவரிடம் யாரும் மார்க் கேட்கவில்லை.