விழத் தெரியாத அத்தான்

என் அக்காவின் கணவருக்கு ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் படம் பிடிக்கும் வேலை. கேமரா முன் உட்காருகிறவரை நேராகப் பார்க்கச் சொன்னால் முடிகிற காரியம். இவரோ தோளைத் தொங்கவிடச் சொல்வார், மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கச் சொல்வார், தொப்புளுக்குக் கீழேதான் மனிதனுடைய மையம் இருக்கிறது என்பார். வரிசை வாசல் தாண்டிப் போகும். ஆபீசில் அவருக்குத் தளர்ச்சி மாஸ்டர் என்று பெயர். அதைப் பட்டம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

டயர் கடைக்கு மேலே ஒரு கூடத்தில் பதினோரு வருடமாக அய்கிடோ வேறு சொல்லிக்கொடுத்தார். ஜப்பானியர்களின் தற்காப்புக் கலை. பலத்தால் மோதாமல், உடம்பைத் தளர்த்தி எதிராளியின் வேகத்தோடு போக வேண்டும். கலைமேல் எனக்குக் கோபம் இல்லை, இவர்மேல்தான். எப்போதும் இவரே வீசுவார், மாணவர்கள் நாங்கள் விழுவோம். பாதிப் பிடியிலேயே பாயில் உருண்டுவிடுவோம். குருவின் முகம் கோணக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அக்கா போடும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்காக நானும் உருண்டேன், வெட்கம் கெட்டவன். அதிகம் விழுந்தது அவருடைய மகள். கடைசியில் விரலை அசைத்தாலே போதும் என்கிற அளவுக்கு மனிதருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

தலைமைப் பள்ளியிலிருந்து பெரிய ஆசிரியர் சோதிக்க வருவதாகத் தகவல் வந்தது. அந்த ஆசிரியர் ஒப்புக்கொண்டால்தான் இவர் தொடர்ந்து சொல்லிக்கொடுக்கலாம். இல்லையென்றால் கூடம் கைவிட்டுப் போகும். அதை விட்டால் அவருக்குப் பீற்றிக்கொள்ள வேறு ஒன்றும் கிடையாது. உடுப்புக்கு இஸ்திரி சரியில்லை என்று ஒரு மாதம் அக்காவைப் படுத்தியெடுத்தார்.

வந்தது ஐம்பது வயது அம்மாள், என் தோளுயரம்கூட இல்லை. அத்தான் எங்களை வீசியதையெல்லாம் அந்த அம்மாள் பொறுமையாகப் பார்த்தார். பிறகு பாய்க்கு வந்து, "இப்ப நீங்க விழுங்க" என்றார்.

பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடத் தான் விழுந்ததில்லை என்று அத்தான் பெருமையாகச் சொன்னார். அந்த அம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் திருப்பியதுதான் தாமதம், தளர்ச்சி போன இடம் தெரியவில்லை. உடம்பு கட்டையாகிவிட்டது. மறு கையால் அம்மாளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். இத்தனை வருடப் பீற்றலுக்கு இது வேண்டும் என்று மனசுக்குள் சிரித்தேன்.

விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று மகள் கெஞ்சினாள்.

"என்னை யாராலயும் விழவைக்க முடியாதும்மா. நீயே பார்த்திருக்கியே."

"யாரும் முயற்சி பண்ணினதே இல்லப்பா. நாங்களாத்தான் விழுந்தோம்."

அத்தானின் பிடி தானாக விட்டது. மல்லாக்க விழுந்தார். வகுப்பை இனி மகள் நடத்தட்டும், இவர் விரும்பினால் மாணவராக வரலாம் என்று அந்த அம்மாள் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கிடந்தபடியே என்னைப் பார்த்தார்.

"முதல் நாள்ல இருந்தேவா?"

"ஆமா அத்தான்" என்றேன், ருசித்துத்தான் சொன்னேன். அவர் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான், அவருடைய மடத்தனத்தை ஊட்டி வளர்த்த நாங்கள் அவரைவிடக் கேவலமானவர்கள் என்று எனக்கு உறைத்தது.