கழக்கூட்டம் சைட்டில் பதினான்கு டிக்குகள்

போன வியாழக்கிழமை கரமனையிலிருந்து கழக்கூட்டம் தாண்டி ஒரு கட்டட சைட்டுக்குப் போய்வந்தேன். அங்கே நாலாவது மாடித் தளத்துக்கு அன்று கான்கிரீட். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நம்மையும் இப்போது சைட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். போகப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு: கட்டட வேலையைக் கவனிக்கும் சாஃப்ட்வேர் ஒன்றில் கான்கிரீட் லாரியைக் கூப்பிட, ஆள் கணக்கு எடுக்க என்று நாற்பது கருவிகள் உண்டு. இனி அவற்றை ஏஐ ஏஜென்ட் தானாகவே இயக்கும். ஆனால் அதற்கு சைட் தெரியாது. எந்தக் கருவி என்ன செய்யும், எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்று நான் எழுதிவைப்பதைப் படித்துத்தான் நடக்கும். இதையெல்லாம் சமையலறையில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். அன்றுதான் அந்த ஏஜென்ட் முதல்முறையாக நிஜ சைட்டில் இறங்கியது.

"உனக்கும் கான்கிரீட்டுக்கும் என்னடி சம்பந்தம்? தோசை மாவுப் பதத்துல இருக்கான்னு பாக்கவா?" என்றார் அகத்துக்காரர்.

தினமும் நூற்றெட்டு ராம நாமம் சொல்வது என் வழக்கம். அதற்கு ஒரு நோட்டு உண்டு. வீட்டுக் கணக்கு நோட்டை எடுக்கும்போதே காலையில் அதிலும் டிக் போட்டுவிடுவேன்; நாமத்தைப் பிறகு, கை ஒழிந்தபோது சொல்வேன். அன்றும் டிக் போட்டுவிட்டு 7.10க்குக் கிளம்பினேன். கிழக்கே கோட்டைக்குப் பஸ்ஸில் பத்து ரூபாய். அங்கிருந்து கழக்கூட்டத்துக்கு இருபத்தெட்டு. 8.25க்கு இறங்கினேன். சைட் இன்னும் நாலு கிலோமீட்டர், ஆட்டோவுக்குத் தொண்ணூறு. ஓட்டுநர் என் காலைப் பார்த்து, "சேச்சி, சைட்டிலேக்கோ? ஈ செருப்பு போரா, ஷூ வேணும்" என்றார். இந்தச் செருப்பு போதாதாம். சிரித்து வைத்தேன். அவர் சொன்னது சரி. வாசலிலேயே ஆணி குத்தியது.

அலுவலகம் ஒரு தகரக் கண்டெய்னர். சாஃப்ட்வேர் கம்பெனியின் விவேக் லேப்டாப்போடு காத்திருந்தார். 9.40க்கு ஏஜென்ட் எழுதியது: "பதினான்கு சரிபார்ப்புகளும் முடிந்துள்ளன. மூன்று லாரிகளை அழைத்துவிட்டேன்." விவேக் கைதட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பதினான்கும் டிக் ஆகியிருந்தால் லாரியை அழைக்கலாம் என்பது நான் எழுதிய வரி.

சும்மா இருக்காமல், கான்கிரீட்டுக்கு முன் சைட்காரர்கள் பார்த்து டிக் போடும் அந்தப் பட்டியலைத் திறந்தேன். பதினான்கு டிக்குக்கும் ஒரே நேரம்: முந்தின நாள் மாலை 6.42.

மாடி முழுக்கச் சுற்றிப் பார்க்கிறவர் ஒரே நிமிஷத்தில் பதினான்கு டிக் போட முடியாது. அப்படிப் போடுகிற ஒருத்தியை எனக்குத் தெரியும். காலையில்தான் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

சூப்பர்வைசர் கிறிஸ்துதாஸ், மார்த்தாண்டத்துக்காரர், மாடியில் நின்றிருந்தார். ஏறிப் போய்க் கேட்டேன்.

"மேல டவர் கிடைக்காதுல்லா அக்கா. அதான் முந்தின நாளே கீழ வச்சு எல்லாத்தையும் டிக் அடிச்சிருவோம். காலத்த இன்ஜினியர் மேடம் வந்து கம்பியப் பாப்பாவ. அவிய சரின்னு சொன்ன பெறவுதான் லாரிக்கு நான் போன் போடுவேன்."

"இன்னிக்கு மேடம் பாத்தாச்சா?"

"வரல்ல. பைபாஸ்ல பிளாக்கு." அவர் கீழே பார்த்தார். 10.20. முதல் லாரி கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. "ஆனா நான் போனே போடல்லியே?"

போன் போட்டது என் வரி.

கீழே கண்டெய்னர் வாசலில் நின்ற விவேக்கை மாடியிலிருந்தே கத்திக் கூப்பிட்டேன். "நிறுத்தச் சொல்லுங்கோ!"

"லோடு ஏத்தின லாரியத் திருப்ப முடியாது மேடம். நீங்க எழுதினபடிதானே செஞ்சிருக்கு?"

"அதனாலதான் சொல்றேன்."

கான்கிரீட்டை மேலே ஏற்றும் பம்ப்காரர் குழாயைத் தூக்கியாயிற்று. கிறிஸ்துதாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "லோடு ஏத்தி ஒன்றர மணி நேரத்துல இறக்கணும் அக்கா. இல்லேன்னா கட்டியாயிரும். கான்ட்ராக்டர் என்னயத்தான் ஏசுவாரு. டிக் இருக்குல்லா?"

"டிக் இருக்கு. கம்பிய நீங்க பாத்தேளா? பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, நான் பேசாம கீழ போயிடறேன்."

குழாய் முனை கம்பிகளுக்கு மேல் வந்து நின்றது. பம்ப்காரர் கையைத் தூக்கிச் சைகைக்குக் காத்திருந்தார். ராமா என்று மட்டும் வந்தது எனக்கு.

"நிறுத்துலே!" என்று கத்தினார் கிறிஸ்துதாஸ்.

10.45க்கு இன்ஜினியர் அனிதா ஓடிவந்தார். "ஆரா நிறுத்தான் பறஞ்ஞது?" என்று, நிறுத்தச் சொன்னது யாரென்று கேட்டபடி பால்கனிப் பக்கம் போனவர் அங்கேயே குந்திவிட்டார். பால்கனியைத் தாங்க மேலே நிற்க வேண்டிய கம்பிகள், ஆட்கள் மிதித்து மிதித்துப் பலகையோடு பலகையாகப் படுத்திருந்தன. அப்படியே கான்கிரீட் விழுந்திருந்தால் வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. குடிவந்தவர்கள் அதில் நின்று துணி உலர்த்தும்போது தெரிந்திருக்கும்.

கம்பிகளைத் தூக்கி முட்டுக் கொடுக்க 11.35 ஆனது. அதற்குள் முதல் லாரி கெட்டது, திருப்பி அனுப்பினார்கள். கீழே கிறிஸ்துதாஸின் போனில் கான்ட்ராக்டர், "வீட்டுக்காரியை எல்லாம் மாடிக்கு ஏத்தினது யாரு?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. பிந்தி லோடு ஏற்றிக் கிளம்பிய அடுத்த லாரியோடு வேலை ஆரம்பித்தது.

கண்டெய்னரில் உட்கார்ந்து என் பழைய வரியை நீக்கிவிட்டு எழுதினேன்: "பதினான்கு டிக் இருந்தாலும் லாரியை அழைக்காதே. இன்று காலை கம்பியைக் கண்ணால் பார்த்தது யார் என்று சைட்டில் கேள். பெயர் வரும்வரை காத்திரு." எழுதியதை கிறிஸ்துதாஸ் படித்தார். "இது சரி. நாங்க என்ன செய்யோம்னு எங்கிட்ட முன்னாலயே கேட்டிருக்கலாம்லா அக்கா?" என்றார். கேட்டிருக்கலாம். நான் ஸ்கிரீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகிறவர்களுக்கு: மூடிய ஷூ கட்டாயம். பைபாஸ் நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். எழுதுவதற்கு முன்னால் ஒரு முறை போங்கள். எழுதின பிறகு நான் போனதுபோல் வேண்டாம். டிக் எப்போது விழுந்தது என்ற நேரத்தையும் பாருங்கள்.

3.15க்குக் கிழக்கே கோட்டையிலிருந்து கரமனை திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையிலிருந்து நாம நோட்டை எடுத்தேன். வியாழக்கிழமைக் கட்டத்தில் டிக் இருந்தது. ஒரு நாமம்கூட ஆகியிருக்கவில்லை, மாடியில் வந்த அந்த ஒன்றைத் தவிர. டிக்கைக் கோடு போட்டு அழித்துவிட்டு, அந்த நாமத்தையே முதலாவதாக வைத்து எண்ண ஆரம்பித்தேன். நூற்றெட்டு முடியும்போது கிள்ளிப்பாலம் தாண்டியிருந்தது. பிறகு டிக் போட மறுபடி பேனாவைத் திறந்தேன்.