வெண்பொங்கல் சாப்பிட்ட தங்கமீன்

மகளுக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் ஆனபோது, தன் தங்கமீனைத் தொட்டியோடு எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். "வீடு கிடைச்சதும் வந்து எடுத்துக்கறேன்ப்பா. உயிரோட திருப்பிக் கொடுங்கோ, அது போதும்" என்றாள். அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

மீன் என்ற சொல்லை என் மனைவி உச்சரிப்பதில்லை. மத்ஸ்யம் என்பாள். பெருமாளின் முதல் அவதாரமே வீடு தேடி வந்திருப்பதாக அவளுக்கு எண்ணம். அதனால் 'அவர்' என்றுதான் பேச்சு. நான் 'அவருக்கு' வேளைக்கு நான்கு குருணை தீவனம் எண்ணிப் போட்டுவந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை அது வயிறு மேலாகத் தலைகீழாக மிதந்தது. போய்விட்டது என்றே நினைத்தேன். செவுள் அசைந்தது. கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்துக்கு எத்தனை முறை என்று எண்ணினேன். எத்தனை இருக்க வேண்டும் என்று தெரியாததால் எண்ணியும் பயனில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உடம்பில் வெள்ளைப் புள்ளி இல்லை, துடுப்பு அழுகவில்லை, செதில் நிமிர்ந்து நிற்கவில்லை. வயிறு மட்டும் எலுமிச்சம்பழம் மாதிரி உப்பியிருந்தது.

பஸ் பிடித்து, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வண்ணமீன் கடைக்குப் போனேன்.

"என்ன சார் போடுறீங்க?" என்றார் கடைக்காரர்.

"நாலு குருணை. காலையிலயும் சாயந்திரமும்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லை" என்று சொல்லும்போதே ஒரு சந்தேகம் வந்தது. மனைவிக்குப் போன் செய்தேன்.

"பெருமாளுக்குத் தளிகை கண்டருளப் பண்ணினதும் அவருக்கும் துளி போடுவேன். வேற யார் போடுவா? நேத்திக்கு வெண்பொங்கல்" என்றாள்.

கடைக்காரரிடம் அப்படியே சொன்னேன்.

"நெய் விட்டதாங்க?"

"நிறைய."

"முந்திரி?"

"அதை நான் சாப்பிட்டுட்டேன்."

"மலச்சிக்கல் சார். ரெண்டு நாளைக்கு ஒண்ணும் போடாதீங்க. அப்புறமா பச்சைப் பட்டாணிய வேகவச்சு, தோல உரிச்சு, நசுக்கிப் போடுங்க. சரியாயிரும்."

கேட்க எளிதாக இருந்தது. வீட்டில் சொன்னபோதுதான் கஷ்டம் தெரிந்தது.

"அவர் பட்டினி கிடக்க, நான் சாப்பிடறதா?" என்றாள் மனைவி. "பெருமாள் பிரசாதம் எந்த ஜீவனையும் ஒண்ணும் பண்ணாது."

"ஜீவன் தலைகீழா மிதக்கறதே."

"அது சயனத் திருக்கோலம்."

ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதற்கு என்ன பதில் சொல்வது? மறுநாள் தொட்டியின் கூழாங்கல் நடுவே மூன்று சோற்றுப் பருக்கைகள் கிடந்தன. தண்ணீரும் கலங்கியிருந்தது. நான் குழாய் வைத்து அடியிலிருந்து கால் பங்கு தண்ணீரை உறிஞ்சி எடுத்து, வாளியில் ஒரு நாள் வைத்திருந்த தண்ணீரை ஊற்றினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது; அப்படியே ஊற்றினால் செவுள் வெந்துவிடும். அன்று மாலை மறுபடியும் இரண்டு பருக்கைகள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள். "மீனைக் காட்டுங்கோப்பா." நான் போனைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். மீன் நேராக, கம்பீரமாகத் தெரிந்தது.

"நன்னா இருக்கே" என்றாள். பிறகு, "ஏம்ப்பா, காத்துக் குமிழெல்லாம் கீழ போறது?"

போனைத் திருப்பினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "எப்படியாவது அம்மாவை நிறுத்துங்கோ. இன்னும் ரெண்டு நாள் இப்படியே போச்சுன்னா போயிடும்ப்பா" என்றாள்.

எப்படி நிறுத்துவது என்று புரியாமல் சுவரைப் பார்த்தேன். சுவரில் காலண்டர் இருந்தது. அன்று தசமி.

"நாளைக்கு ஏகாதசி, நீ உபவாசம்" என்றேன். "நீ பட்டினி இருக்கும்போது அவருக்கு மட்டும் சாதம் போட்டு விரதத்தைக் கெடுக்கலாமா?"

தசமி ராத்திரியே மனைவி சாப்பிடமாட்டாள். அதையும் மீனின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

"சரி, இருக்கட்டும்" என்றாள். "ஆனா நான் நிர்ஜலமா, சொட்டுத் தண்ணிகூட இல்லாம இருக்கப்போறேன்."

"அது மட்டும் அவரால முடியாது."

முப்பது வருஷத்தில் நான் சொன்ன ஒரு விஷயத்துக்கு அவள் சிரித்தது அன்றுதான்.

துவாதசி விடியற்காலை, விரதம் முடிக்கும் பாரணைக்கு அவள் அகத்திக்கீரை சமைத்தாள். நான் பக்கத்து அடுப்பில் பட்டாணியை வேகவைத்துத் தோலை உரித்தேன்.

"துவாதசியில முதல்ல கீரைதான்" என்றாள்.

"கடைக்காரர் பட்டாணின்னு சொன்னார்."

"அந்தக் கடைக்காரர் ஏகாதசி இருந்தாரா?"

கடைசியில் உப்பு, தேங்காய் சேராத வெறும் கீரை கொஞ்சம், பட்டாணி கொஞ்சம், இரண்டையும் மசித்து ஒன்றாகப் போட்டோம். தலைகீழாகவே வந்து தின்றது. உபவாசம் முடித்தவர்களுக்கு உரிய வேகம்.

பத்து மணிக்கு மேல் நாங்கள் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மீனின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் கொஞ்சம், பிறகு நூல் மாதிரி நீளமாக. மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஒரு புரள் புரண்டது, நேராக நின்றது. மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும்தான்.

இப்போது தீவனத்தை ஊறவைத்துத்தான் போடுகிறேன், வேளைக்கு மூன்று. மாதம் இரண்டு முறை மீன் பட்டினி. ஆனால் குணமாக்கியது கீரையா, பட்டாணியா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. அன்றே பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வந்ததெல்லாம் பச்சை.