சர்வோ பிரஸ்ஸுக்கு வைத்த பொட்டு

பட்டாசுக் கம்பெனி வேண்டாம், தகரத்துக்குப் போ, தகரம் வெடிக்காது என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னதால்தான் திருத்தங்கல்லில் இந்தப் பட்டறைக்கு வந்தேன். தீபாவளிக்குப் பிள்ளைகள் ரோல் கேப் போட்டுச் சுடுகிற துப்பாக்கி இருக்கிறதே, அதன் இரண்டு பக்கத் தகடும் இங்கேதான் அடிக்கிறோம்.

வந்த புதிதில் தகடு அடிக்கப் பழைய பிரஸ் மெஷின்தான். சக்கரம் சுற்றுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவள் பேசுவது கேட்காது. ஆனால் எங்களுக்கு அந்த இரைச்சல்தான் கணக்கு. சத்தம் இருந்தால் கை வெளியே, சத்தம் ஓய்ந்தால் கையை விட்டுக் கழிவை எடுக்கலாம். யாரும் சொல்லித் தந்ததில்லை, எல்லாப் பெண்களும் அப்படித்தான் வேலை பார்த்தோம்.

பிறகு சர்வோ பிரஸ் வந்தது. தகரச் சுருள் டை என்கிற ஒரே அச்சுக்குள் நகர நகர, ஓரிடத்தில் துளை, அடுத்த இடத்தில் வளைவு, கடைசியில் வெட்டு என்று முழுத் தகடாக வந்து விழும். அச்சின் மேல்பாகம் எவ்வளவு வேகமாக இறங்க வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் முதலிலேயே பேனலில் போட்டுவிடுவார்கள். மேலே நிற்கும்போது சத்தமே இராது. ஓடுகிறதா, ஓய்ந்துவிட்டதா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நல்லவேளையாக முன்னால் லைட் கர்ட்டன் என்று இரண்டு கம்பங்கள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி போகும்; நடுவே கை போய் அதை மறித்தால் மெஷின் நின்றுவிடும்.

ஆயுத பூசைக்கு முதலாளி அண்ணாச்சி தன் கையாலேயே எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். அந்தக் கம்பங்களின் கண்ணாடியையும் விடவில்லை. பூசை முடிந்து வேலைக்கு வந்தால் மெஷின் ஓட மாட்டேன் என்கிறது. பொட்டு ஒளியை மறைத்துவிட்டது, துடைத்தால் தீர்ந்தது. ஆனால் எங்கள் பட்டறையில் பூசைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள், அதுவாக உதிர வேண்டும். அண்ணாச்சி பேனலில் சாவியைப் போட்டு ஏதோ திருகினார், ஓடியது. சரிசெய்துவிட்டார் என்று நானும் வேலையில் இறங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் டையின் நடுவே ஒரு தகரச் சீவல் சிக்கிக்கொண்டது. மேல்பாகம் மேலே நின்றது. சத்தம் இல்லை. கையை விட்டேன். சீவல் வரவில்லை. தகரத்தோடு சேர்த்துப் பலமாக இழுத்தேன்.

புறங்கையில் சில்லென்று எண்ணெய் பட்டது. பார்த்தால் மேல்பாகம் என் தோலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது! நான் இழுத்ததில் தகரம் இடம் மாறி, அதைக் கவனிக்கிற சென்ஸார் மெஷினை நிறுத்தியிருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அது என் கையா என்றே தெரியவில்லை.

"ஏக்கா, கைய எடுங்கக்கா!" என்று அடுத்த மெஷின்காரி ஓடிவந்து இழுத்தாள்.

"கை உள்ள போச்சுன்னா நிக்கும்னு சொன்னீகளே அண்ணாச்சி, பெறகு எப்படி எறங்குச்சு?" என்று சத்தம் கேட்டு வந்தவரிடம் கேட்டேன்.

அவர் மறைக்கக்கூட இல்லை. "அந்தக் கம்பத்த அமத்திட்டுத்தானம்மா ஓட்டுதோம். சாமிக்கு வச்ச பொட்ட எப்படி அழிக்க? லோடு வேற நிக்குது. அதான் ஒண்ணும் ஆகலேல்லா, தண்ணியக் குடிச்சிட்டு வா."

தெரியாமல் நடந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் சாவியைத் திருகிய கையோடு, "சாப்ட்டியாம்மா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். பயம் போய் எனக்கு ஆத்திரம் வந்தது.

"சரி அண்ணாச்சி, பொட்டு இருக்கட்டும். சாவியும் அப்படியே இருக்கட்டும். மெஷின ஓடவிட்டு நீங்க ஒரு தடவ கைய உள்ள விட்டு எடுங்க. பெறகு நான் வாரேன்."

பட்டறையே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மெதுவாக இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.