உண்டு என்று எழுதியவர்

எங்கள் கணினி அறையின் பொறுப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சை. மெஷின்களின் நிலையைக் காட்டும் பலகையில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தால் மனிதர் கால்மேல் கால் போட்டுக்கொள்வார். ஒரு மஞ்சள் எட்டிப் பார்த்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. பதினொரு வருடம் அவருக்குக் கீழே குப்பை கொட்டினேன். எந்தத் திரையிலும் இரண்டாவது வரியை அவர் படித்து நான் பார்த்ததில்லை.

புது மெஷின் வந்தது. அதன் சிப், மெமரியில் வைப்பதையெல்லாம் யாரும் படிக்க முடியாதபடி தானே பூட்டிவைக்கும்; சாவி சிப்பை விட்டு வெளியே வராது. அதை நான்தான் முடுக்கிவிட்டேன். ஒரே தொல்லை, ராத்திரியில் பதிவுகளை நகல் எடுக்கும் பழைய கார்டால் பூட்டிய மெமரியை நேராகத் தொட முடியவில்லை. சுற்றுவழி ஒன்று போட்டுக்கொடுத்தேன். காலை ஆறு மணிக்கு முடிகிற நகல் பத்து மணிக்கு முடிந்தது. அதுவரை பலகையில் ஒரு மஞ்சள்.

ஒரு வாரம் பொறுத்தார், அந்த மகா பொறுமைசாலி.

"அந்தப் பூட்டை அணைச்சுத் தொலைங்க. யாரு வந்து மெமரியைப் பிடுங்கிட்டுப் போகப்போறான்?"

"புது கார்டு ஒண்ணு வாங்கினா சரியாயிடும் சார்."

"விளக்கு பச்சையாகணும். அவ்வளவுதான்."

அணைத்தேன்.

கணவன்மார் அடிக்குத் தப்பி வந்த பெண்கள் தங்கும் இல்லம் ஒன்றின் பதிவுகள் அந்த மெஷினில்தான் இருந்தன. அதை நடத்தும் அக்கா அடுத்த மாதம் ஒரு படிவத்தோடு வந்தார்.

"மெஷின் ஓடும்போது மெமரியில எங்க விலாசம் திறந்து கிடக்காதே?"

பச்சை திரையைத் திறந்தார். முதல் வரி, பூட்டும் வசதி: உண்டு. கண்ணைப் பறிக்கும் பச்சை. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், இயக்கம்: இல்லை.

"சிப்பிலேயே பூட்டு உண்டும்மா, கவலையே படாதீங்க" என்று படிவத்தில் 'உண்டு' என எழுதிக் கையெழுத்துப் போட்டார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் போட்டேன். வாயைத் திறந்தால் பச்சை முகம் சுளிப்பார் என்று பயம், வேறென்ன.

அந்த இல்லத்தில் ஒளிந்திருந்த ஒரு பெண்ணின் கொழுந்தன், எங்களுக்குப் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். விசிறி மாற்ற வந்தவன் மெமரி கார்டுகளின் மேல் குளிர் ஸ்ப்ரே அடித்தான், மெஷினை நிறுத்தினான், கார்டுகளைப் பிடுங்கிப் பைக்குள் போட்டான். மின்சாரம் நின்றால் மெமரி உடனே எல்லாவற்றையும் மறந்துவிடும்; அப்படிக் குளிர்ந்த கார்டு மட்டும் தன்னிடம் உள்ளதைச் சில நிமிடம் மறக்காது. வாசலில் நின்ற வண்டியில் இன்னொரு மெஷின் வைத்திருந்தான்; கார்டுகளை அதில் செருகி இல்லத்தின் விலாசத்தைப் படித்துக்கொண்டான். மூன்றாம் நாள் அண்ணன்காரன் இரும்புக் கம்பியோடு இல்லத்துக்குள் புகுந்து மனைவியின் கையை உடைத்தான்.

அக்கா வந்தார். பச்சை கூச்சமே இல்லாமல் சப்பைக்கட்டு கட்டினார்.

"உண்டுன்னுதானே எழுதினேன்? ஓடுதுன்னு எழுதலையே!"

எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அக்கா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அந்த ஆளு வெத்துவேட்டுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். உன் கையெழுத்தை நம்பித்தான் நான் வீட்டுக்குப் போனேன்."