ஓடைக்கு அப்பால் போன ரதி

உறவினர்களும் நண்பர்களும் கையில் வாங்கும் இந்த நினைவு மலருக்கு, அமைதியாக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். கூடப்பிறந்த தங்கை நான் அண்ணனைப் பற்றி அமைதியாக எழுதுவது எப்படி? ஒரு கோப்பைத் தேநீரை உட்கார்ந்து குடித்து முடிக்காத மனிதர் அவர். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். "ஒக்காந்துதான் குடியேன்டா, காலு வலிக்கலையா?" என்று அம்மா சத்தம் போடுவார். "ஒக்காந்தா யோசன நின்னுருதும்மா" என்பார் அண்ணன். அவர் போய் ஓராண்டு ஆகிறது. இப்போது அந்த நடையை நான் நடக்கிறேன்.

"காமன் கூத்து விவகாரத்தை மட்டும் எழுதாதே" என்றும் சொன்னார்கள். அதை விட்டால் வேறு எதை எழுதுவது? எழுதத்தான் போகிறேன். வருத்தப்படுகிறவர்கள் வருத்தப்படட்டும்.

அண்ணன் பிறந்தது மாத்தளைக்கு மேலே, இறத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளின் ஒற்றைக் காம்பராவில். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். அம்மா கொழுந்து எடுத்தார். இலங்கை சுதந்திரம் அடைந்தபோது அண்ணன் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்களாம். அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டம் வந்து, எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் இல்லை என்றாகிவிட்டது. "முட்டாய் வாய்ல கரையறதுக்குள்ள ஊரில்லாதவனாயிட்டேன்" என்று பிற்காலத்தில் கூட்டங்களில் சிரித்தபடி சொல்வார். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அது சிரிப்பாகத் தெரிந்ததில்லை.

மாத்தளை நகரில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடையில் வேலை பார்த்துக்கொண்டே மேல்வகுப்புப் படித்தார். பல்லேபொலையிலிருந்து மிளகு கொண்டுவரும் சிங்கள விவசாயிகளிடம் பேசிப் பேசிச் சிங்களம் வந்தது. திரும்பி வந்து தோட்டப் பள்ளியில் ஆசிரியரானார். விடுமுறை நாளில் வீட்டில் இருந்தால்தானே? தோட்டம் தோட்டமாக நடந்து, மாசி மாதத்தில் ஆடும் காமன் கூத்தின் பாடல்கள் எந்த மலையில் எப்படி மாறுகின்றன என்று கேட்டுக் கேட்டுக் கட்டுரைகள் எழுதினார். கொழும்பிலிருந்து படித்தவர்கள் தேடி வந்தார்கள். கூத்துக்கான கிரீடங்களையும் திரைச் சித்திரங்களையும் அவரே தீட்டினார். இவ்வளவுக்கும் நடுவில், பிரஜாவுரிமை கேட்டு அலைந்தவர்களோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக, ஒவ்வொரு அலுவலகப் படியும் ஏறி இறங்கினார். தொழிற்சங்க வேலைக்காகப் பள்ளியிலிருந்து அவரை நிறுத்தியபோது, "நல்லது, இனி நேரம் கெடைக்கும்" என்றார். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் வெளியே கிளம்பச் செருப்பைத் தேடுவார்.

எங்கள் தோட்டத்துக் கூத்தில் ரதி வேடம் அண்ணனுடையது. சிவனின் கண்ணில் மன்மதன் எரிந்துபோனதும் ரதி புலம்புவாள். அந்தப் புலம்பலை அண்ணன் பாடினால் லயமே அழும். மாசி பிறந்ததும், கூத்து நடத்தும் பெரியப்பா, வேடம் போடுகிறவர் ஒவ்வொருவர் வாசலுக்கும் வெற்றிலைத் தட்டோடு வந்து அழைப்பார். தட்டை வாங்கியவருக்குக் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டியவர் காமன் எரியும்வரை தோட்டத்து எல்லையான ஓடையைத் தாண்டக் கூடாது. இதுதான் முறை.

ஒரு மாசியில் காப்புக் கட்டி முடிந்த பிறகு, ஓடைக்கு அப்பால் உள்ள தோட்டத்திலிருந்து ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். சம்பளம் கேட்டு முன்னால் நின்றதற்காக வேலையை இழந்த மாரியாயி என்ற பெண்ணையும் அவருடைய பிள்ளைகளையும் காம்பராவிலிருந்து வெளியேற்ற, பொலிஸோடு லொறி வந்திருக்கிறது. புருஷனை இழந்தவர். போக இடமில்லை. சங்கத்துக்காரர்கள் கண்டிக்குப் போயிருந்தார்கள். பொலிஸாரிடம் சிங்களத்தில் சட்டம் பேச அண்ணனை விட்டால் ஆளில்லை.

அண்ணன் கையை நீட்டினார். "கழட்டி விடுங்க பெரியப்பா. போயிட்டு வந்து திரும்பக் கட்டிக்கிறேன்."

"கட்டுனது கட்டுனதுதான். காமன் எரியாம கழட்டுனா லயத்துக்கே ஆகாது."

"அந்தப் புள்ளைங்கள ரோட்டுல விட்டா மட்டும் ஆகுமா?"

அண்ணன் காமன் பந்தலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அவர் நம்பிக்கை இல்லாதவர் என்று சொன்னவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு காப்போடேயே ஓடையில் இறங்கினார்.

மாரியாயியின் வாசற்படியில் நின்று, நீதிமன்றக் கட்டளை எங்கே என்று பொலிஸ் சார்ஜனிடம் கேட்டாராம். சார்ஜன் கங்காணியைப் பார்த்தார், கங்காணி லொறியைப் பார்த்தார். கட்டளை ஒன்றும் இல்லை. லொறி வெறுமையாகத் திரும்பியது. மாலையில் அண்ணன் சந்தோஷமாக வந்து சேர்ந்தபோது, அவருடைய கிரீடம் பெரியப்பா மகனின் தலையில் இருந்தது. யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றிலிருந்து தோட்டத்தில் எது நடந்தாலும் பழி அண்ணன்மேல். மலை சரிந்தால் அவர். கடைக்குக் கோதுமை மா வரத்துக் குறைந்தால் அவர். கோழி முட்டையிடாவிட்டாலும் அவர்தான். இதைப் படிக்கும் சிலருக்கு முகம் சுருங்கும், சுருங்கட்டும். அவர்களில் பலருடைய பிரஜாவுரிமைக்கு அலைந்ததும் அதே கால்கள்தான்.

அண்ணன் யாரிடமும் சண்டை போடவில்லை. ஆனால் ஒவ்வொரு மாசியும் வெற்றிலைத் தட்டு சுற்றும் மாலையில் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். தட்டு பக்கத்துக் காம்பராவரை வரும். எங்கள் வாசலைக் கடந்து போகும். "போகுது பார்" என்பார், வேறு யாருக்கோ நடப்பதைப் போல. மறுநாள் ஓடையைத் தாண்டிப் போய், அந்தத் தோட்டத்து மலையில் நின்று பாடுவார். வேலை திரும்பக் கிடைத்து அங்கே கொழுந்து எடுத்தபடி மாரியாயி கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

கடைசியில் நெஞ்சுவலி அவரை மாத்தளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தியது. அங்கேயும் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். "எத்தன வேல கெடக்கு, இவங்க படுன்னு சொல்றாங்க" என்று தாதியைப் பற்றி என்னிடம் முறையிட்டார். மறுநாள் இல்லை.

அவர் உடலைத் தோட்டத்துக்குக் கொண்டுவரத் தம் லொறியைக் கொடுத்த, அண்ணன் வேலை பார்த்த மாத்தளைக் கடை வியாபாரியின் மகனுக்கும், மழையில் பாடை சுமந்த பல்லேபொலை நண்பர்களுக்கும், எங்களுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்த லயத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஒருவர் மட்டும் மிச்சம். அவருக்கான நன்றியைச் சொல்ல இந்த மாசியைச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா மகன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார். ரதிக்கு ஆளில்லை. அண்ணனின் கட்டுரையில் பாட்டின் வரிகள் இருக்கின்றன. அவர் பாடிய மெட்டு எங்கள் தோட்டத்தில் எவருக்கும் முழுதாகத் தெரியவில்லை. மாரியாயிக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டு, பெண்கள் வேடம் கட்டாத கூத்துக்கு ஒரு பெண்ணை அழைக்க, பெரியப்பா தட்டோடு ஓடையைத் தாண்டிப் போனார். மாரியாயி தட்டைத் தொடவில்லை.

"இது மொதல்ல போக வேண்டிய வீட்டுக்குப் போயிட்டு வரட்டும் பெரியவரே. அப்புறம் நான் வர்றேன்."

பெரியப்பா எங்கள் வாசலுக்கு வந்தார்.

"இத வாங்கிக்க ஆத்தா."

"யாருக்குப் பெரியப்பா?" அவர் வாயால் கேட்க வேண்டும் எனக்கு.

"ரதிக்குத்தான்" என்றார். அழுதார்.

மாரியாயி அவர்களே, உங்களுக்கு எங்கள் நன்றி. நானாக இருந்தால் அந்தத் தட்டைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அண்ணனுக்காக வாங்கி உள்ளே வைத்தேன். அவர் இருந்திருந்தால் பெரியப்பாவை அழக்கூட விட்டிருக்க மாட்டார். தட்டைக் கீழே வைப்பதற்குள், "ஒத்திக எத்தன மணிக்குப் பெரியப்பா?" என்று கேட்டிருப்பார்.