தொட்டவரே சொல்ல வேண்டும்

பனிக்கட்டித் தரையில் கருங்கல்லைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடும் விளையாட்டு ஒன்று உண்டு. கர்லிங் என்று பெயர். நியூ ஜெர்சியில் ஐந்து குளிர்காலம் அதை ஆடினேன். நானாகப் போகவில்லை. என்னைக் கேட்காமல் அனுப்பினார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், என் கணவர் ஆபீசின் கிறிஸ்துமஸ் விருந்து. அவருடைய மேனேஜர் கனடாக்காரர். "எங்கள் கிளப்பில் பெண்கள் குறைவு, யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்களேன்" என்று பொதுவாகச் சொன்னார். என் கணவர் என்னைக் காட்டி, இவள் வருவாள் என்றார். நான் வாயில் கேக்குடன் நின்றுகொண்டிருந்தேன்.

காரில் கேட்டேன். "நீங்க போறதுதானே?"

"எனக்கு முட்டி வலி."

"போன வாரம் டென்னிஸ் ஆடினப்போ அந்த முட்டி எங்க போச்சு?"

"அம்மா தாயே, நம்ம கிரீன் கார்டு பேப்பர் அவர் கைல இருக்கு. அவர் சைன் பண்ணாதான் அப்ளை பண்ண முடியும். ஒரு நாள் போய்ட்டு வந்தா நீ தேய்ஞ்சா போயிடுவ?"

ஆறு வருட விசா. அது முடிவதற்குள் கிரீன் கார்டுக்கு மனுப் போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த ஒரு பயத்தில்தான் எங்கள் வீட்டில் சோறு வெந்தது. நான் வேதியியலில் முதுகலை. ஆனால் டிபெண்டன்ட் விசாவில் வந்தவள், வேலைக்குப் போகக் கூடாது. பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் காலையில் அவரை ரயிலுக்கு அனுப்பிவிட்டால், துணி துவைக்கும் அறையில் மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கார் ஓட்டக்கூட அவர் அப்போது சொல்லித்தரவில்லை. அதனால் போனேன்.

கிளப் என்பது ஒரு தகரக் கொட்டகை. பழைய கிடங்கு ஒன்றை வாங்கி, உறுப்பினர்களே சுவர் எழுப்பி, குழாய் பதித்து, பனித்தரை போட்டிருந்தார்கள். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. பல் மருத்துவர் கக்கூஸ் கழுவுவார். பள்ளி வாத்தியார் குளிர்விக்கும் மெஷினுக்கு எண்ணெய் விடுவார். ஆட்டத்துக்கு முன் ஒருவர் முதுகில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு, தரை மேல் துளித்துளியாகத் தெளித்துக்கொண்டே பின்னால் நடப்பார். துளிகள் உறைந்து, தரை கோழித்தோல் மாதிரி ஆகிவிடும். அதன் மேல்தான் கல் ஓடும். இருபது கிலோவுக்குச் சற்றுக் குறைந்த கல். ஒரு அணிக்கு நான்கு பேர். கடைசியில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவுக்கு யார் கல் கிட்டே நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. முன்னால் தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும், வளையாமல் போகும். என் வேலை தேய்ப்பது.

எனக்கு அது பிடித்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை. அந்த நாட்டில் என் கையை எதற்காவது பயன்படுத்திய ஒரே இடம் அது. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பிரசாத வரிசையில் ஒரு ஆன்ட்டி கேட்டார். "என்னம்மா, வீட்ல பெருக்கறது பத்தாம அங்க போய் வேற பெருக்கறியாமே?"

"அங்க பெருக்கினா கை தட்டறாங்க ஆன்ட்டி. உங்க வீட்ல தட்டறாங்களா?"

அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. நல்லதாகப் போயிற்று.

அந்தக் கிளப்பில் நடுவர் கிடையாது. ஓடும் கல்லில் துடைப்பம் பட்டுவிட்டால், பட்டவரே அந்த நொடியில் "தொட்டுவிட்டேன்" என்று கத்த வேண்டும். பாதி வழியில் தொட்டிருந்தால் அந்தக் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். எதிரணி பார்த்திருந்தாலும் வாய் திறக்காது. அடுத்தவர் தப்பைச் சொல்வது அங்கே தப்பைவிடக் கேவலம். தொட்டவரே சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கை குலுக்கி, ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக்கொடுத்து, எட்டு பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். எனக்கு ஆப்பிள் ஜூஸ்.

ஐந்தாவது குளிர்காலத்தில் எங்கள் அணி கிளப்பின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அணித் தலைவர் அந்த மேனேஜர்தான். பதினோரு வருடமாக ஆடுபவர். உணவுக்கூடத்துச் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. ஒவ்வொரு வருடமும் ஜெயித்த நால்வரின் பெயரை அதில் தங்க நிறப் பெயின்டால் எழுதுவார்கள். அவர் பெயர் அதில் ஒருமுறைகூட வந்ததில்லை. எழுதுபவள் கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருத்தி. எழுபதைத் தொட்ட கிழவி. அன்றைக்கு எதிரணித் தலைவியும் அவள்தான்.

என் கணவர் முதல் தடவையாகப் பார்க்க வந்தார். விதிகளெல்லாம் நான் சொல்லி அவருக்குத் தெரியும். விசாவில் ஒரு வருடம்தான் பாக்கி. பேப்பர் இன்னும் நகரவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காப்பிக் கோப்பையோடு நின்றார்.

கடைசிக் கல். மேனேஜர் தள்ளினார். அது நடுவுக்குப் போனால் எங்களுக்கு வெற்றி, இல்லாவிட்டால் அவர்களுக்கு. நானும் இன்னொருவரும் தேய்த்துக்கொண்டு ஓடினோம். பாதி வழியில் என் துடைப்பம் கல்லின் விளிம்பில் பட்டது. மெதுவாகத்தான் பட்டது. கூட ஓடியவருக்குத் தெரியவில்லை. கையில் எனக்குத் தெரிந்தது.

கத்த வாயைத் திறந்தேன். திறந்தபடி கண்ணாடிப் பக்கம் பார்த்தேன். என் கணவர் பார்த்திருக்கிறார். உதட்டின் மேல் விரலை வைத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

வாயை மூடிக்கொண்டு தேய்த்தேன். கல் நடுவில் போய் நின்றது.

மேனேஜர் பனித்தரையில் முழங்காலிட்டு அழுதார். வட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த கிழவி வந்து என் கையைக் குலுக்கினாள். கையை விடாமல் என் முகத்தைப் பார்த்தாள். காத்துக்கொண்டு நிற்பது போல் நின்றாள். நான் குனிந்து ஷூ நாடாவைச் சரிசெய்தேன்.

காரில் என் கணவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிப் பேசினார். "நல்லவேளை வாயைத் திறக்கல நீ. அவர் மூஞ்சியைப் பார்த்தியா? நாளைக்கே சைன் பண்ணுவார் பாரு."

"தொட்டது தொட்டதுதானே?"

"வெறும் கல்லு அது. கல்லு! இதுக்குப் போய் நம்ம லைஃபை ஸ்பாயில் பண்ணுவியா?"

அவரும் நானும் ஒரே ஆள்தான் என்பது எனக்கு அப்போது தெரிந்தது. அவர் விரலை வைத்தார், சரி. மூடியது என் வாய்.

வழக்கமாக இறுதி ஆட்டம் முடிந்த மறுவாரமே பலகையில் பெயர் ஏறிவிடும். அந்த வருடம் ஏறவில்லை. கிழவிக்குக் கை வலி என்றார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு எனக்குப் போன் செய்தாள். உன் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டாள். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்றாள். இல்லை என்றேன். மறுநாள் பெயர் ஏறியது. அதற்குப் பிறகு நான் துடைப்பத்தைத் தொடவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

பேப்பர் நகரவே இல்லை. இரண்டாயிரத்து ஒன்று ஆரம்பத்தில் கம்பெனி அந்தப் பிரிவையே மூடியது. என் கணவருக்கும் வேலை போயிற்று, மேனேஜருக்கும் போயிற்று. மாலை ஐந்து மணிக்கு என் கணவர் ஒரு அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார்.

ஊருக்கு டிக்கெட் எடுத்த பிறகு, கிளப்பின் சீசன் கடைசி விருந்துக்குத் தனியாகப் போனேன். அதற்குள் நானே கார் ஓட்டப் பழகியிருந்தேன். எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோனேன். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து நின்று, போன வருடம் கடைசிக் கல்லை நான் தொட்டேன், சொல்லவில்லை என்றேன்.

பல் மருத்துவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

மேனேஜர்தான் முதலில் பேசினார். "ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கிரீன் கார்டு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியவர்."

"நானா?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அதெல்லாம் தலைமை ஆபீசில் முடிவு செய்வது. ஆட்டத்துக்கு முந்தின மாதமே நிறுத்திவிட்டார்கள். எனக்கே பிறகுதான் தெரியும். என்னை யாருமே கேட்கவில்லை." தட்டை ஓரமாக நகர்த்தினார். "நீ சொல்லியிருந்தால் நான் கை குலுக்கிவிட்டுப் போயிருப்பேன். பத்து வருடம் அப்படித்தானே தோற்றேன்?"

மேனேஜருக்குக் குனிந்தால் காரியம் நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது அது. ஒரு பேப்பர் யார் மேசையில் இருக்கிறது என்றுகூட விசாரிக்காமல், ஐந்து வருடம் ஒரு மனிதருக்குப் பயந்திருக்கிறோம். அவருக்கு அது தெரியவே தெரியாது.

அவர் கிழவியிடம் திரும்பி, பலகையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அவள் சரி என்று தலையசைத்தாள்.

"என் பெயரையும்" என்றேன்.

"ஒரு மாதம் காத்திருந்தேன்" என்றாள் கிழவி. சத்தம் போடவில்லை. "போன் செய்தேன். அப்போது நீ சொல்லியிருந்தால் உனக்கு ஏதாவது போயிருக்கும். இப்போது என்ன போகிறது? நீதான் ஊருக்குப் போகிறாயே."

"எடுப்பீர்களா, மாட்டீர்களா?"

"அவர் பெயரை எடுக்கிறேன். உன்னுடையது இருக்கட்டும். எடுத்தால் உனக்குச் சுலபமாகிவிடும்."

எலுமிச்சை சாதத்தை யாரும் தொடவில்லை. பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பார்க்கிங்கில் மேனேஜர் பின்னாலேயே வந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். என் கணவருக்கு வேறு எங்காவது வேலை கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். தனக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.